மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள், ஒரு வாக்காளர் பட்டியல்

(தொட்டியத்தில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மஃரிபுக்குள் முடித்தாக வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு நாட்டின் குடிமகனாக இல்லாத ஒருவர் அந்த நாட்டின் தேர்தலில் வாக்களித்தால் என்ன ஆகும்? தொட்டியத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் இதைப் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வாழைத் தோப்பையும் கடையையும் நம்பியிருந்த குடும்பங்களில் இன்று வெளியூரில் ஆள் இல்லாத வீடு குறைவு. துபாய், சவூதி, சிங்கப்பூர், மலேசியா, இப்போது அமெரிக்கா, கனடா என்று பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆள் அங்கே இருக்கிறார், பெயர் மட்டும் முசிறி சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஒரு காலத்தில் தொட்டியம் என்ற பெயரிலேயே தொகுதி இருந்ததே, அந்தக் காலத்துப் பட்டியலில் ஏறிய பெயர்கள்கூட இன்னும் அப்படியே உள்ள வீடுகள் உண்டு.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிரத் திருத்தம், எல்லோரும் எஸ்.ஐ.ஆர். என்று சொன்னோமே, அது தொடங்கியது. பி.எல்.ஓ. வீடு வீடாக வந்து கணக்கீட்டுப் படிவம் கொடுத்தார். அந்த நாட்களில் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார இடம் இல்லை. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், 2002, 2005 பட்டியலில் தங்கள் பெயரைத் தேடியவர்கள், வெறும் பயத்தில் வந்தவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானபோது மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் பயம் இன்னும் கூடியது.

அப்போது ஒரு அத்தா மூன்று படிவங்களோடு வந்தார். மூத்தவர் துபாயில் வேலை. நடுவில் உள்ளவர் சிங்கப்பூரில், அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டார். இளையவர் அமெரிக்காவில், கிரீன் கார்டு வந்துவிட்டது. "மூணு பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடலாமா? பேரு இருந்தா நல்லதுதானே?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. வீட்டில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவர் கையெழுத்திடலாம் என்று அந்தப் படிவமே சொல்லியிருந்தது. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கும் பதில் ஒன்றல்ல. அந்த மூன்று பதில்களைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலில் சிங்கப்பூர்ப் பிள்ளை. சிக்கல் அவரிடம்தான் அதிகம்.

நம் அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு, வாக்குரிமையை இந்தியக் குடிமகனுக்குத்தான் தந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவு, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது என்கிறது. கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் முடியும், பாஸ்போர்ட்டை ஒப்படைத்தால்தான் முடியும் என்பதெல்லாம் இல்லை. பாஸ்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கலாம், ஆதார் அட்டை இருக்கலாம், வாக்காளர் அட்டை இருக்கலாம். ஆள் இந்தியக் குடிமகன் இல்லை. குடிமகன் இல்லாதவர் பட்டியலில் இருக்கத் தகுதியில்லாதவர் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 16ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் தவறிப்போய் இருந்தாலும் அவர் வாக்களிக்கக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவு.

"ஓசிஐ அட்டை இருக்கே பாய், அது இரட்டைக் குடியுரிமைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அந்தப் பெயரில் குடிமகன் என்ற சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. ஓசிஐ அட்டை என்பது ஆயுள் முழுக்க விசா எடுக்காமல் வந்துபோகும் வசதி, இன்னும் சில சலுகைகள். வாக்குரிமை அதில் கிடையாது என்று சட்டம் 7பி பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டத்தை மீறினால் அந்த அட்டையை ரத்து செய்யும் அதிகாரமும் அரசுக்கு உண்டு. ரத்தானால், அத்தா ஜனாஸாவுக்கு வர வேண்டும் என்றாலும் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் கொடுத்தால்தான்.

இனி சொல்வதைச் சிங்கப்பூர், மலேசியா சொந்தம் உள்ளவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூர் விமானத்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தாலே நம் மாவட்டத்துக்கும் அந்த நாடுகளுக்கும் உள்ள உறவு தெரியும். அந்த நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலேசிய அரசியல் சட்டம் 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், மலேசியக் குடிமகன் ஒருவர் வேறு நாட்டில் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமையைப் பயன்படுத்தினால், அரசு அவருடைய குடியுரிமையைப் பறிக்கலாம். வெளிநாட்டு அரசியல் தேர்தலில் வாக்களிப்பதையும் அப்படிப்பட்ட உரிமையாகவே அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. சிங்கப்பூர் அரசியல் சட்டத்திலும் இதே போன்ற விதி இருக்கிறது. ஆகவே லீவுக்கு வந்த பிள்ளை, "பேரு லிஸ்ட்ல இருக்கு, அட்டையும் இருக்கு, ஒரு ஓட்டுத்தானே" என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் விரலில் மை வைத்துக்கொண்டால், இந்தியாவில் குற்றம், அங்கேயும் குடியுரிமைக்கே ஆபத்து. இரண்டு நாட்டிலும் சிக்கிக்கொள்ளும் ஆளை எந்த வக்கீல் எங்கே போய்க் காப்பாற்றுவார்?

அந்த அத்தாவிடம் நாங்கள் சொன்னது இன்னொன்றும் உண்டு. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. மகன் குடிமகன் இல்லை என்று தெரிந்தே அவருக்காக உறுதிமொழி கொடுத்தால், 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பாய்வது உங்கள் மேல். பட்டியல் தொடர்பாகத் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மகன் சிங்கப்பூரில் நிம்மதியாக இருப்பார். முசிறிக்கும் திருச்சிக்கும் அலைவது எழுபது வயது அத்தா. சட்டத்தை விடுங்கள், பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்று மதரஸாவில் படிக்கிற பிள்ளைக்கே தெரியும். படிவத்தில் போடும் கையெழுத்தும் சாட்சிதான். அச்சடித்த தாளில் இருப்பதால் அது சாட்சி இல்லை என்று ஆகிவிடாது.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பயம் வேறு. "நானே என் மகன் பேரை எடுத்துடுங்கன்னு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு இந்தக் குடும்பமே வெளிநாட்டுக் குடும்பம்னு சொல்லிட மாட்டாங்களா?" என்றார். சிரித்துக் கடந்துபோகிற கேள்வி அல்ல இது. சில ஆண்டுகளாகக் குடியுரிமை என்ற சொல்லைக் கேட்டாலே நம் சமுதாயத்தில் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று மேடையில் நின்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் சட்டத்தில் குடியுரிமை ஆளுக்கு ஆள் தனித்தனி. மகன் சிங்கப்பூர்க் குடிமகன் ஆனதால் அத்தாவின் குடியுரிமை ஒரு நூல்கூடக் குறையாது. அண்ணன் தம்பிக்கும் அப்படித்தான். உண்மையைச் சொல்லிப் படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்கிய குடும்பத்தின் கையில் ஒரு ஒப்புகைச் சீட்டு இருக்கும். பெயரை மறைத்து வைத்த குடும்பத்தின் கையில் என்ன இருக்கும்? நாளை யாராவது புகார் கொடுத்தால், அந்த ஒரு பொய்யான பெயரைக் காட்டி மற்ற நான்கு உண்மையான பெயர்களையும் சந்தேகிப்பார்கள். பயப்படுகிறவர்தான் காகிதத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். அத்தாவும் கடைசியில் அந்த ஒரு படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை மேசை மேல் வைத்தார்.

அடுத்து அமெரிக்காவில் இருக்கும் இளையவர். இவர் இன்னும் இந்தியக் குடிமகன்தான். கிரீன் கார்டு என்பது அங்கே நிரந்தரமாக வாழ அனுமதி, குடியுரிமை அல்ல. ஆபத்து இவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1993இல் ஒரு சட்டம் வந்தது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்திலேயே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ளலாம் என்று வசதி செய்தார்கள். அந்த வசதிதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணிவெடி. கவுண்டரில் இருப்பவர் எல்லோரிடமும் கேட்பது போல, "வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா?" என்று கேட்பார். படிவத்தில் 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா' என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் ஒரு டிக்.

இலினாய் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெரு நாட்டிலிருந்து வந்து, சட்டப்படி நிரந்தரமாகத் தங்கியிருந்த ஒரு பெண்மணி. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனபோது தன் கிரீன் கார்டையும் பெரு பாஸ்போர்ட்டையும் காட்டினார். எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் வாக்காளர் பதிவுப் பகுதியில் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் செய்தார். 2006இல் இரண்டு முறை வாக்களித்தார். பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, வாக்களித்ததுண்டா என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னார். அங்கேதான் மாட்டினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்த அலுவலகத்து ஊழியர் தடுக்கவில்லை என்று வாதாடிப் பார்த்தார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளை விட்டுவிட்டு அந்தத் தாய் நாடு கடத்தப்பட்டார்.

அதே 2017இல் டெக்சாஸ் மாநிலத்தில் இன்னொரு தாய்க்கு, கைக்குழந்தையாக மெக்சிகோவிலிருந்து வந்து கிரீன் கார்டில் வாழ்ந்தவர், வாக்களித்த குற்றத்துக்கு எட்டு ஆண்டு சிறை விதித்தார்கள். இது அந்த மாநிலச் சட்டப்படி. ஒன்றிய அரசின் சட்டத்தில், குடிமகன் அல்லாதவர் நாடு தழுவிய தேர்தலில் வாக்களித்தால் ஓராண்டு வரை சிறை. வாக்களிப்பதற்காகவோ பதிவுக்காகவோ குடிமகன் என்று தெரிந்தே பொய் சொன்னால் ஐந்தாண்டு வரை. சிறையைவிடக் கொடியது குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. 1996 செப்டம்பர் 30க்குப் பிறகு தன்னைக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னவருக்கு அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறும் வாசலே அடைபடுகிறது. மனைவி குடிமகளாக இருந்தாலும், பிள்ளைகள் அங்கேயே பிறந்திருந்தாலும் அதற்கு மன்னிப்பு வழி இல்லை. தாய் தந்தை இருவரும் குடிமக்களாக இருந்து, தானும் பதினாறு வயதுக்குள் அங்கே நிரந்தரமாகக் குடியேறி, தானும் குடிமகன் என்றே நியாயமாக நம்பியிருந்தவருக்கு மட்டும் ஒரு சிறிய விலக்கு இருக்கிறது. நம் பிள்ளைகளில் யாருக்கும் அது பொருந்துவது கடினம்.

குடியுரிமை விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி இப்போதும் இருக்கிறது: எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா, குடிமகன் என்று சொன்னீர்களா? ஆகவே உங்கள் பிள்ளைக்கு இன்றிரவே போன் போடும்போது இதையும் சொல்லுங்கள். உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பகுதி வந்தால் 'இல்லை' என்று எழுத வேண்டும். தெரியாமல் பதிவாகிவிட்டது, அட்டை தபாலில் வந்துவிட்டது என்றால் வாக்களிக்கக் கூடாது. வேறு எந்த விண்ணப்பமும் போடுவதற்கு முன்னால், பெயர் நீக்கக் கடிதம் எழுதுவதற்கும் முன்னால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்க்க வேண்டும். நண்பர்களின் வாட்ஸ்அப் யோசனை இதற்கு உதவாது.

நண்பர் யோசனை ஏன் உதவாது என்றால், ஊருக்கு ஊர் சட்டம் வேறு. லண்டனில் இருக்கும் மச்சான் இந்திய பாஸ்போர்ட்டிலேயே அந்த நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பார். பிரிட்டனில் காமன்வெல்த் நாட்டவர் சட்டப்படி அங்கே தங்கியிருந்தால் அதற்கு உரிமை உண்டு. நியூசிலாந்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர் ஓராண்டு வாழ்ந்திருந்தால் வாக்களிக்கலாம். கனடாவில் முடியாது. சிங்கப்பூரில் பி.ஆர். வைத்திருப்பவருக்குக் கிடையாது. அமெரிக்காவிலேயே மேரிலாந்தில் டகோமா பார்க் என்ற சிற்றூரில் உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் குடிமகன் அல்லாதவரும் வாக்களிக்கலாம். லண்டன் மச்சான் "நான் போட்டேனே, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டு டல்லாஸில் இருக்கும் தம்பி போட்டால் வாழ்க்கை போய்விடும்.

மூத்தவர், துபாயில் இருப்பவர், ஒரு பயமும் இல்லாதவர். வளைகுடா நாடுகளில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அவர் இந்தியக் குடிமகன்தான். வருத்தம் என்னவென்றால், பயப்பட வேண்டாத இவர்களின் பெயர்தான் அதிகம் விட்டுப்போகிறது. 'ஆள் ஊரில் இல்லை' என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் மாறியவர் கணக்கில் போய்விடுகிறது. இவர்களுக்காகவே 2010இல் சட்டத்தைத் திருத்தி 20ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவர், தன் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் வாக்காளராகலாம். அதற்குப் படிவம் 6ஏ. இணையத்திலேயே அனுப்பலாம். இப்படிப் பதிவானவருக்கு வாக்காளர் அட்டை தருவதில்லை. அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி, நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். விமான டிக்கெட் போட்டு வந்துதான் வாக்களிக்க வேண்டும் என்பது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே நம் கருத்து. அது தனிப் பேச்சு. பெயராவது இருக்கட்டும்.

வாக்குரிமை எவ்வளவு அருமையானது என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம், நம் திருச்சியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டுக்குப் போனால் போதும். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் அங்கே இருக்கிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி அங்கே வாழ்கிறார். பெற்றோர் இலங்கையர். இவர் பிறந்தது, படித்தது, மணமுடித்தது எல்லாம் தமிழ்நாட்டில். ஆனால் அகதி என்றே எழுதப்பட்டார். பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்று குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறதே என்று வாதாடினார். 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு பட்டியலில் பெயர் சேர்த்து, 2024 ஏப்ரல் 19 அன்று, ஏறக்குறைய 38 வயதில், தன் வாழ்க்கையின் முதல் வாக்கைப் போட்டார். அதற்கு முன் நடந்த எத்தனையோ தேர்தலில் யாராவது ஒருவரைப் பிடித்து, எப்படியாவது ஓர் அட்டை வாங்கியிருக்கலாம். அப்படி வாங்கியிருந்தால், நீதிமன்றத்தில் அந்த அட்டையே அவருக்கு எதிராக நின்றிருக்கும். காத்திருந்து, பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு போனார், வென்றார்.

பிறப்புச் சான்றிதழ் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டுப் பிரசவத்தில் பிறந்த பெரியவர்கள், பெயரில் எழுத்து மாறிக்கிடக்கும் தாய்மார்கள், 'பீவி', 'பேகம்' ஒன்றில் இருந்து ஒன்றில் இல்லாதவர்கள், இதையெல்லாம் தேர்தல் நேரத்தில் சரிசெய்ய முடியாது. இப்போது வாருங்கள். பட்டியலில் பெயர், வயது, முகவரி பிழைகளுக்குப் படிவம் 8 உண்டு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியை வைத்துப் பதினெட்டு வயது கணக்கிடுகிறார்கள். ஆகவே பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், படிவம் 6 கொடுக்கலாம். கல்யாணமாகி வெளியூர் போன பெண்ணுக்கு இரண்டு ஊரிலும் பெயர் இருக்கக் கூடாது. அதையும் இதோடு பாருங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளின் வீட்டார் மூன்றைக் கொண்டு வரவேண்டும்: அவருடைய பழைய வாக்காளர் அட்டை, பட்டியலில் அவர் பெயர் உள்ள பக்கத்தின் நகல், புதிய பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகல். அவர் சார்பில் நீங்களாகக் கையெழுத்திட வேண்டாம். பெயர் நீக்கத்தை அவரே இணையத்தில் போடலாம், எப்படி என்று நம் தம்பிகள் போனில் சொல்லித் தருவார்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டை அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிவிட்டாரா என்றும் கேட்டுவையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற பிறகும் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால், அது தனிக் குற்றம், அதற்கு அபராதம் தனி.

இதற்கு அறக்கட்டளை ஒரு பைசாவும் வாங்குவதில்லை. யாராவது நம் பெயரைச் சொல்லி, "பேரை எடுக்காம பாத்துக்குறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கேள்விகள் கேட்கலாம். பெண்கள் பக்கம் இருந்து முதலில் கேட்கட்டும்.

வஸ்ஸலாம்.